அம்பு ஒட்டிய இடம்

திருப்பூர்
12.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நித்யஸ்ரீ எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உனக்குச் சென்னைத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? மேன்ஷன் சாப்பாட்டில் வயிறு கெடாமல் இருக்கிறதா?

கல்யாணமாகி நான்கு மாதத்தில் தங்கை கடிதம் எழுதுகிறாளே என்று பதறாதே. இவர் வீட்டுப் பனியன் கம்பெனியில்தான் எனக்கும் வேலை, செக்கிங் பகுதிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வீட்டுக்கு வந்தால் வேலை சரியாக இருக்கிறது. அதனால் டீ நேரத்தில் நோட்டுத் தாளைக் கிழித்து எழுதுகிறேன்.

பகல் முழுக்க எனக்குச் செக்கிங் மேசையில்தான் வேலை. தைத்து வரும் டி-ஷர்ட்டைத் திருப்பிப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பைப் பார்த்து அடுத்த ஆள் சரிசெய்வார். என் எதிரில் குல்சார் பேகம் அக்காவும் சின்னாத்தாள் அக்காவும். ஹாஸ்டலில் டிவி இல்லாத பெண்களுக்காகத் தினமும் காலை டீக்கு உன் எட்டு மணி சீரியலைக் குல்சார் அக்கா நடித்தே காட்டிவிடுவார். அதற்கு வசனம் எழுதும் கூட்டத்தில் என் அண்ணன் சுரேந்தரும் ஒருவன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்று முதல் கேள்விகள் எல்லாம் என் தலையில்.

முதல் கேள்வி, ரகசியம் பேசுகிறவர்கள் ஏன் கதவைச் சாத்துவதில்லை? இரண்டாவது, கதாநாயகி தூங்கும்போதும் ஒட்டியாணம் ஏன்? மூன்றாவது குல்சார் அக்காவுடையது. "அந்தப் புள்ள ஒரு வார்த்த வாயத் தொறந்து சொன்னா முடிஞ்சு போகுமே. ஏனுங்க சொல்ல மாட்டீங்குது?"

மொட்டை மாடியில் நான்கு தொட்டி முல்லை வைத்திருக்கிறேன். தினமும் நானே தண்ணீர் ஊற்றுகிறேன். பதிலைக் குல்சார் அக்கா வீட்டு முகவரிக்குப் போடு, கீழே எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வரும் தபால் கம்பெனி பில்லோடு கலந்துவிடுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
நித்யா

சென்னை
27.6.2025

அன்புக் கண்ணு நித்யாவுக்கு,

நலம். வயிறும் நலம், அதற்குள் போவதுதான் நலமாக இல்லை. மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? உன் அத்தையின் முட்டிவலி தேவலையா?

கடிதத்தைப் பார்த்ததும் எங்கள் அறையில் நான்கு பேரும் கூடி நின்று பார்த்தோம். அஞ்சல் உறையை நேரில் பார்த்து எத்தனை காலமாயிற்று. அருள்செல்வன் மாப்பிள்ளை நம்பருக்கும் உன் நம்பருக்கும் இரண்டிரண்டு முறை அடித்தேன். நான்கு தடவையும் அவரே எடுத்து, நீ குளிக்கிறாய் என்றார். திருப்பூரில் தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

உன் மேசைக்கு என் பதில்கள். கதவைச் சாத்தினால் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது. ஒட்டுக் கேட்காவிட்டால் செவ்வாய்க்கிழமைக்குக் கதை இல்லை. ஒட்டியாணம் நகைக்கடை விளம்பரத்துக்காக. மூன்றாவது கேள்விதான் எங்கள் தொழில் ரகசியம். குடும்பக் கதையில் கதாநாயகியின் வேலையே வாயைத் திறக்காமல் இருப்பது. திறந்தால் ஒரே வாரத்தில் எல்லாம் தீர்ந்து, நான் நம் ஊர் மடத்துக்குளத்துக்கே பஸ் ஏற வேண்டியதுதான். அதனால் அவள் சொல்ல வரும்போதெல்லாம் பால் பொங்கும், மாமியார் மயங்குவார், கரண்ட் போகும்.

குல்சார் அக்காவுக்கு என் வணக்கம். எங்கள் கதாநாயகியைவிட அவர் நன்றாக நடிப்பார் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
சுரேந்தர்

திருப்பூர்
15.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். அத்தை நன்றாக இருக்கிறார். அவரும் நலம்.

உன் கடிதத்தை மேசையில் வாசித்தேன். சின்னாத்தாள் அக்கா சிரித்ததில் ஒரு பீஸில் அம்பு இடம் மாறிவிட்டது. இனி உன் கதையையும் செக்கிங் செய்வது என்று தீர்மானித்திருக்கிறோம். போன வாரக் கதையில் எங்கெங்கே ஓட்டை என்று ஒரு தாளில் எழுதி அம்பு ஒட்டி அனுப்புகிறேன். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரின் மீசை மட்டும் கறுப்பாகிக்கொண்டே போகிறதே, அதற்கு இரண்டு அம்பு. நீயும் எங்கள் தப்பைப் பிடிக்கலாம் என்பதால் ஸ்டிக்கர் அட்டை ஒன்றும் உள்ளே இருக்கிறது.

ஒரு சந்தேகம். இங்கே தையல் பகுதியில் அக்ஷரா என்று ஒரு பெண். புதிதாகக் கல்யாணமானவள். அவள் புருஷன் காலையில் கொண்டுவந்து விட்டு மாலையில் கூட்டிப்போகிறான். ஒருநாளும் தவறுவதில்லை. அவளுக்கு வரும் போனையும் அவனே எடுத்துப் பேசிவிடுகிறான். யாரோடு பேசினாள், என்ன சிரித்தாள் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அவள் முகம் சுளித்தால் உன் சீரியல் வசனத்தையே எடுத்து விடுகிறான். "உசுரா நெனைக்கறவந்தான் சந்தேகப்படுவான், மத்தவனுக்கு என்ன அக்கற?" என்று கதாநாயகியே சொல்கிறாளாம், பிறகு உனக்கென்ன என்கிறானாம்.

மேசை இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாதிப் பேர் அவள் கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். குல்சார் அக்கா மட்டும் தன் டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார். உங்கள் கதைகளில் இப்படி ஒரு புருஷன் வந்தால் அவன் நல்லவனா கெட்டவனா? எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?

நேரத்துக்குச் சாப்பிடு.

நித்யா

சென்னை
2.8.2025

அன்புக் கண்ணு,

நலம். உங்கள் அம்புகளை எங்கள் கதை இலாகா தலைவர் டேனியல் சார் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். மீசைக்குச் சாயம் அடிக்கும் ஆள் மட்டும் கோபமாக இருக்கிறார்.

ஒரு செய்தி. என்னைப் பத்து மணிக் குற்றப் புலனாய்வுக் கதைக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே சட்டமே வேறு. குடும்பக் கதையில் ஒரு டம்ளரைக் காட்டினால் அது வெறும் டம்ளர். இங்கே காட்டினால் நாலாவது நாள் யாராவது சாக வேண்டும். வீணாக ஒரு பொருளும் வரக் கூடாது. போலீஸ்காரர் உட்கார்ந்து டீ குடிக்கவும் கூடாது.

உன் அக்ஷரா கேள்வியை எங்கள் அறையில் கேட்டேன். நாலு பேரும் நாலு விதமான கதை எழுதுகிறவர்கள், பதிலும் நாலு. பேய்க்கதை சகாயராஜ் கதவை வைத்து விளக்கினான். குடும்பக் கதையில் எல்லாக் கதவும் ஒருக்களித்திருக்கும். காமெடியில் கதவு இருந்தும் இல்லாத மாதிரி, பக்கத்து வீட்டுக்காரர் சட்னி கேட்டு உள்ளே வந்துவிடுவார், சந்தேகப் புருஷன் பீரோவுக்குள் ஒளிந்து தும்முவான். பேய்க்கதையில் ஒரு கதவு மட்டும் பூட்டியிருக்கும், யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். குற்றக் கதையில் எங்கள் ஆய்வாளர் முதலில் கேட்பது, சாவி யாரிடம்?

ஆகவே ஒரே புருஷன் எட்டு மணிக்குத் தங்கம், எட்டரைக்குக் கோமாளி, பத்து மணிக்குச் சந்தேகத்துக்குரியவன். அவள் எந்த மணியில் இருக்கிறாள் என்று தெரிந்தால் சொல்லலாம். அவள் வீட்டில் புதிதாக ஏதாவது பூட்டினார்களா என்று கேட்டுப் பார்.

அந்த உசுரு வசனம் அடியேன் எழுதியதுதான். திருப்பூர் வரைக்கும் போயிருக்கிறது என்று கேட்கக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மாப்பிள்ளையையும் அத்தையையும் கேட்டதாகச் சொல்.

சுரேந்தர்

திருப்பூர்
24.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். நடுவில் கொஞ்ச நாள் கம்பெனிக்கு வரவில்லை. காய்ச்சல், இப்போது இல்லை.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். அக்ஷரா வீட்டில் மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு போட்டிருக்கிறார்கள். எதிர் வீட்டு மாடியில் பையன்கள் படிக்கிறார்களாம், அதனால். சாவி அவனிடம். மேலே வைத்திருந்த பூச்செடி வாடிவிட்டது. அவளுடைய போன் அவன் சட்டைப் பையிலேயே இருக்கிறது, கேட்டால் யாருக்குப் பேச வேண்டும் சொல், நான் போட்டுத் தருகிறேன் என்கிறான். குரலை உயர்த்துவதே இல்லை. சாப்பிட்டாயா என்று பத்துத் தடவை கேட்பான். கார்த்திகையில் பெருமாநல்லூர் தாண்டிப் புது வீட்டுக்குக் குடிபோகிறார்கள். அதோடு அவளை வேலைக்கு அனுப்பப் போவதில்லை.

இதைச் சின்னாத்தாள் அக்காவிடம் சொன்னேன். "அடிக்கறானா?" என்றார். இல்லை என்றேன். "குடிக்கறானா?" இல்லை. "அப்பறம் என்னுங்க அம்மிணி, கேட்டா கேட்டுட்டுப் போறான்" என்று அடுத்த பீஸை எடுத்துக்கொண்டார். அவர் சொல்வதும் சரிதானே? உங்கள் கதைகளில் கெட்டவன் என்றால் கண்ணை உருட்டுவான், பின்னால் ஒரு சத்தம் வரும். சத்தமே இல்லாமல் வருகிறவனை எந்தக் கதையில் சேர்ப்பது?

உனக்குத் தோன்றியதை எழுது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நித்யா

சென்னை
3.10.2025

அன்புக் கண்ணு,

காய்ச்சல் விட்டதா? இந்தத் தடவை நான் நலம் என்று எழுத வரவில்லை.

இதனோடு உன் கடிதங்களை நகலெடுத்து வைத்திருக்கிறேன். நீ அனுப்பிய அட்டையிலிருந்து அம்பு ஒட்டியிருக்கிறேன். செல்போன் கூடாது என்கிற சட்டம் தொழிலாளிகளுக்கு. முதலாளி வீட்டு மருமகளைக் கேட்டில் யார் தடுக்கப் போகிறார்கள்? அங்கே ஒன்று. தபால் ஏன் குல்சார் அக்கா வீட்டுக்கு வர வேண்டும்? அங்கே ஒன்று. ஜூனில் உன் மாடியில் முல்லை இருந்தது, செப்டம்பரில் அக்ஷரா மாடியில் பூச்செடி வாடுகிறது. அந்த இடத்தில் இரண்டு அம்பு ஒட்டினேன்.

தோழிக்கு ஒரு சந்தேகம் என்று கேட்கும் பெண்ணை நான் இதுவரை ஆறு முறை எழுதியிருக்கிறேன். ஆறு முறையும் அவள் தனக்காகத்தான் கேட்டாள். இந்தக் காலத்தில் என் தங்கை ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டியவன், உறையைக் காட்டி அறையில் வேடிக்கை பேசிக்கொண்டிருந்தேன். குளிக்கிறாள் என்று ஒருவர் நான்கு தடவை சொன்னபோது நகைச்சுவை எழுதினேன்.

பெரிய அம்பை என் வசனத்தின் மேல் ஒட்டியிருக்கிறேன். டீ ஆறுவதற்குள் எழுதிய வரி அது. அதைச் சொல்லி உன்னை அடக்கினார்கள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

நான் நினைப்பது தப்பு என்றால் திட்டி எழுது. சந்தோஷப்படுவேன்.

சுரேந்தர்

சென்னை
23.10.2025

அன்புக் கண்ணு,

திட்டி எழுதுவாய் என்று இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருந்தேன். தபால் வரவில்லை. தலை தீபாவளிக்கு நீயும் மாப்பிள்ளையும் வருகிறீர்கள் என்று அம்மா சொன்னதும் லீவு போட்டு ஊருக்கு வந்தேன், உனக்கே தெரியும்.

நான்கு மணி நேரம் இருந்தீர்கள். நீ சமையலறைக்குப் போனால் அவர் தண்ணீர் குடிக்க வந்தார். தோட்டத்துக்குப் போனால் தென்னையை எண்ண வந்தார். அப்பா மாரப்பனார் பூரித்துப்போனார். "மாப்பள ஒரு நிமிசம் புள்ளய உட்டு நவுருல பாரு" என்று என் காதில் சொன்னார். உன்னிடம் ஒரு வார்த்தை பேச எனக்கு வாய்க்கவில்லை.

கிளம்பும் நேரத்தில் காபி கொண்டுவந்து கொடுத்தாய். டம்ளரை நான் வாங்கும்போது வளையலை மேலே தள்ளினாய். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சிவப்பு அம்பு. முனை உன்னைப் பார்த்து இருந்தது.

பார்த்துவிட்டேன், நித்யா. காபியைக் குடித்தேன், பட்டாசு நமத்துப்போனதைப் பற்றி ஏதோ பேசினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நடித்ததில்லை.

வாடகைக் கார் எடுத்துக்கொண்டு சகாயராஜோடு நேராகக் கம்பெனி வாசலுக்கே வருகிறேன். எந்த நாள் என்று மட்டும் சொல்.

சுரேந்தர்

திருப்பூர்
29.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

காரில் வராதே. இரண்டு பக்கமும் ஆள் கூடி, அவர் உன் சட்டையைப் பிடிக்க, நான் நடுவில் அழ, அது உங்கள் வெள்ளிக்கிழமைக் கதை. மறுநாள் பெரியவர்கள் பேசிச் சமாதானம் செய்து என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதைத்தான் நானூறு தடவை பார்த்திருக்கிறோமே.

அக்ஷரா என்று ஒருத்தி கிடையாது. என்னைப் பற்றி நானே கேட்க வெட்கமாக இருந்தது. அடி இல்லை, குடி இல்லை, வெள்ளைக் காரில் கூட்டிப்போகிறார், இதைப் போய் யாரிடம் குறை சொல்வது என்று இருந்தது. காய்ச்சல் என்று எழுதினேனே, காய்ச்சல் இல்லை. லைன் சூப்பர்வைசரோடு சிரித்துப் பேசினேன் என்று பதினோரு நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். மாடியும் பூட்டு, வாசலும் பூட்டு. உள்ளே சாப்பாடு, டிவி எல்லாம் இருந்தது. அந்தப் பதினோரு நாளும் உன் பழைய எட்டு மணி சீரியலைப் பார்த்தேன், அவள் எப்போது வாயைத் திறப்பாள் என்று. எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. புது வீட்டுக்குப் போய்விட்டால் குல்சார் அக்காவும் இல்லை, தபாலும் இல்லை.

கார்த்திகை பிறக்க இன்னும் பத்தொன்பது நாள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். நான் வந்தால் நம் வீட்டில் என்னை இருக்க விடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா? நீ நேரில் போய்க் கேட்டு எழுது. வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவின் கால் வீக்கத்தையும் பார்த்துவிட்டு வா.

நித்யா

மடத்துக்குளம்
6.11.2025

அன்புக் கண்ணு,

அம்மாவின் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. அப்பா நலம்.

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா முதலில் ஒப்பவில்லை. "கார்ல கூட்டீட்டுப் போறான், கார்லயே கொண்டாந்து உடறான். இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன பண்ணோணும்?" என்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உசுரா நெனைக்கறதுனாலதான் கண்ணு அப்பிடிக் கேக்கறாரு" என்றார். அது எட்டு மணி வசனம், அம்மா, அதை எழுதியது நான்தான், எழுதும்போது எதையும் யோசிக்கவில்லை என்றேன். அம்மா டிவிக்குப் பக்கத்திலிருந்து நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

அப்பா நம்பவில்லை. தானே உன் நம்பருக்கு அடித்தார். மாலை நான்கு மணி. நீ குளிப்பதாக மாப்பிள்ளை சொன்னார். ஐந்து மணிக்குத் தூங்குகிறாய். ஆறரைக்குக் கோயிலுக்குப் போயிருக்கிறாய். அப்பா போனைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். மோட்டார் போட்டுவிட்டு வந்தவர் ஈரக் காலோடு வாசலிலேயே நின்றார்.

"மூணு தடவ கூப்புட்டன். ஒருக்காக்கூட என்ற புள்ள கொரலு வல்லியேடா" என்றார்.

காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்ததும், "வரச் சொல்லு. ஆரு வந்து கேட்டாலும் நானே பேசிக்கறன்" என்றார்.

இவ்வளவுதான் நடந்தது. இனி உன் கையில்.

சுரேந்தர்

மடத்துக்குளம்
18.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான், அப்பா, அம்மா மூவரும் நலம். பதற்றத்தில் நீ சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டாய். இனிமேல் சாப்பிடு.

புதன்கிழமை காலை பத்தரை, டீ நேரம். அவர் சாயப் பட்டறைக்குப் போயிருந்தார். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தேன். குல்சார் அக்கா அன்றைக்குக் கதை சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டு என் கையில் பஸ்ஸுக்குத் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தார். சின்னாத்தாள் அக்காவுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. என் முகத்தைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். "அந்த அக்ஷரா நீங்கதானுங்களா?" என்றார். தலையை ஆட்டினேன். "நாந்தான் அன்னைக்கு என்னமோ சொல்லிப்போட்டனுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்று எழுந்து கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

அண்ணா, நான் என்னென்னவோ எதிர்பார்த்தேன். யாராவது ஒட்டுக் கேட்டிருப்பார்கள், அத்தை மயங்கி விழுவார், அந்த நேரம் பார்த்து வெள்ளைக் கார் திரும்பி வரும் என்று. வாட்ச்மேன், "எங்கீங்க அம்மிணி?" என்றார். "எங்கம்மா ஊட்டுக்குங்க" என்றேன். "செரீங்க" என்று கேட்டைத் திறந்துவிட்டார். அவ்வளவுதான். உடுமலை பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. பல்லடம் தாண்டும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அப்புறம் பசித்தது, டப்பாவைத் திறந்து தயிர்ச் சோற்றைச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் அவரும் அத்தையும் வந்தார்கள். அவர் இங்கேயும் குரலை உயர்த்தவில்லை, என்ன குறை வைத்தேன் என்று அப்பாவிடம் கேட்டார். அத்தை ரங்காத்தாள் அழுதார், எனக்கும் அழுகை வந்தது. அப்பா பதில் சொல்லப் போகிறார் என்று பார்த்தேன். அவர், "அவளே சொல்லுட்டுமுங்க" என்று என் பக்கம் திரும்பினார்.

அப்போது பால் பொங்கவில்லை, கரண்டும் போகவில்லை. "எனக்கு அங்க வாரதுக்குப் பயமா இருக்குதுங்க, நா வல்லீங்க" என்றேன். ஒரே வரி. குல்சார் அக்கா ஜூன் மாதம் கேட்டதற்கு இப்போதுதான் எனக்குப் பதில் தெரிகிறது. அந்தப் பெண் சொல்லாமல் இருந்தது கேட்க ஆள் இல்லாமல்தான். மேலே என்ன ஆகும் என்று தெரியவில்லை. பெரியவர்கள் இன்னும் இரண்டு தடவை பேச வருவார்களாம். நான் அதே வரியைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்பா நேற்று உடுமலைக்குப் போய் ஒரு போன் வாங்கி வந்தார். நம்பர் கீழே இருக்கிறது, பக்கத்தில் அம்பு ஒட்டியிருக்கிறேன். சாயங்காலம் அடி. நான் குளித்துக்கொண்டிருந்தால் மணி அடித்து அடித்து ஓயட்டும், யாரும் எடுக்க மாட்டார்கள். நீ மறுபடி அடி, நானே எடுப்பேன்.

உன் தங்கை,
நித்யா